தொல்லை அழைப்புகளுக்கு நான் செய்தது

எங்கள் வீட்டு போன் மதியத் தூக்க நேரம் பார்த்துத்தான் அடிக்கும். எடுத்தால் ஓரிரு விநாடி மௌனம், அப்புறம் "வங்கியிலிருந்து பேசுகிறோம்". கணினி ஒரே நேரத்தில் பல எண்களுக்கு டயல் செய்து, எடுப்பவரை ஓர் ஆளிடம் தள்ளிவிடும். அந்த இடைவெளிதான் இந்த மௌனம். அதைக் கேட்டதுமே வைத்துவிடுகிறேன்.

எண்ணை பிளாக் செய்வதில் பாதிப் பலன்தான். திரையில் காட்டும் எண்ணையே போலியாக மாற்ற முடியும். நாளைக்கு வேறு எண்ணில் வருவார்கள். அதனால் செல்போனில், தொடர்புப் பட்டியலில் இல்லாத அழைப்புகள் ஒலிக்காதபடி வைத்தேன். ஐபோனில் 2019 முதலே இந்த வசதி உண்டு. பார்சல் கொண்டுவருபவரின் அழைப்பும் சேர்ந்து தவறும், பரவாயில்லை.

அம்மாவுக்குத்தான் சங்கடம். "பேசிக்கிட்டிருக்கும்போது எப்படிப்பா வைக்கிறது?" என்பார். பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதி போன் பக்கத்தில் ஒட்டினேன்: "பையனைக் கேட்டுச் சொல்றேன்." சொன்னதும் வைத்துவிட வேண்டும். நிஜமாகவே வங்கியாக இருக்குமோ என்று தோன்றினால், கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணுக்கு நாங்களே செல்போனிலிருந்து அழைக்கிறோம். ஏனென்றால் லேண்ட்லைனில் நாம் வைத்தாலும், எதிர்முனைக்காரர் வைக்காவிட்டால் சில சமயம் இணைப்பு துண்டிக்கப்படாமலே இருக்கும்.

இப்போது அம்மா அந்த வரியைக்கூடச் சொல்வதில்லை. ஓடிபி என்று காதில் விழுந்தாலே டொக்கென்று வைத்துவிடுகிறார்.