பலகார மெஷினுக்கு மானியக் கடன் வாங்கின கதை

காரைக்குடியில் வீட்டு முற்றத்திலேயே மனகோலமும் சீப்புச் சீடையும் சுட்டு விற்கிறேன். கையால் பிழிந்து தோள்பட்டை விட்டுப்போன பிறகுதான் கடன் பக்கம் போனேன்.

நான் போட்டது 2020இல் வந்த பிரதம மந்திரி குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டம். செலவில் 35 சதவீதம் மானியம், அதிகபட்சம் 10 லட்சம். 4 லட்சத்துக்கு மெஷின் என்றால் நம் கையிலிருந்து குறைந்தது 10 சதவீதம், அதாவது 40,000, மிச்சம் 3,60,000 வங்கிக் கடன், மானியம் 1,40,000.

அந்த மானியம் கைக்கு வரும் என்று நம்பி யாரிடமும் வாக்குக் கொடுத்துவிடாதீங்க. கடன் கணக்கோடு சேர்ந்த தனிக் கணக்கில் கிடக்கும். மூணு வருஷம் தவணை தவறாமல் கட்டி, தொழிலும் நடந்தால்தான் கடனில் கழிப்பார்கள். மானிய அளவுக்கு வட்டி கிடையாது, அது ஆறுதல்.

முதலில் உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. இது இலவசம். தெரியாமல் ஒரு கணினி மையத்தில் 800 ரூபாய் அழுதேன். அப்புறம் உணவுப் பாதுகாப்புப் பதிவு. மெஷினுக்கு ஜிஎஸ்டி எண்ணோடு விலைப்புள்ளி வாங்குங்க. துண்டுச் சீட்டு செல்லாது.

திட்ட அறிக்கை எழுத மாவட்ட வள நபர் இருக்கார். அவருக்கு அரசே பணம் தருது, நீங்க தர வேண்டாம். அவரிடம் ஆடி மாசமே போயிடுங்க. தீபாவளி ஆர்டர் வந்துவிட்டால் நமக்கு வங்கிக்கு நடக்க ஏது நேரம்?