எகிப்தியச் சவப்பெட்டியின் கண்களை ஒரு பலகையில் வரைவது எப்படி?

சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் செய்த மரச் சவப்பெட்டிகளில், ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு பெரிய கண்கள் தீட்டப்பட்டிருக்கும். பெட்டியைத் தலைமாடு வடக்கே இருக்கும்படி வைப்பார்கள். உள்ளே உடல் இடப்புறமாக ஒருக்களித்துக் கிடக்கும். முகத்துக்கு நேரே, கிழக்குப் பலகையின் வெளிப்புறத்தில் அந்தக் கண்கள். இறந்தவர் அவற்றின் வழியே சூரியன் உதிப்பதைப் பார்ப்பார் என்பது நம்பிக்கை. நாம் அலங்காரம் என்று சொல்வது அவர்களுக்கு ஜன்னல். இதை மனத்தில் வைத்துக்கொண்டு வரைந்தால் கோடு தானாகவே கவனமாக விழும்.

முதலில் பலகை. ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம் போதும். நல்ல மரம்தான் வேண்டும் என்று தேடாதீர்கள். எகிப்தில் நல்ல மரம் அரிது. வசதியானவர்கள் லெபனானிலிருந்து தேவதாரு வரவழைத்தார்கள். எகிப்தின் தெய்ர் எல்-பெர்ஷா என்ற இடத்தில் கிடைத்து இப்போது பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும், ஜெஹூதிநக்த் என்ற மாகாண ஆளுநரின் பெட்டி அப்படிப்பட்டது. மற்றவர்கள் உள்ளூர் அத்தி, வேல மரத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, ஓட்டைகளைச் சாந்தால் அடைத்தார்கள். நீங்களும் அடைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வெள்ளைப் பூச்சு. வேலையில் பாதி இதுதான். தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் பசையில் 1 பங்குக்கு 10 பங்கு தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் அந்தப் பாத்திரத்தை வெந்நீருக்குள் வைத்து உருக்குங்கள். கொதிக்க விட்டால் பசை வலுவிழந்துவிடும். வெறும் பசையை ஒரு முறை பூசிக் காயவிட்டு, அப்புறம் மீதிப் பசையில் சலித்த சாக் பவுடரைத் தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்க்கக் கலந்து, நான்கு மெல்லிய பூச்சுகள் கொடுங்கள். ஒவ்வொன்றும் நன்றாகக் காய வேண்டும். என் முதல் பலகையில் அவசரப்பட்டு ஒரே பூச்சாகக் கனமாக அப்பினேன். மறுநாள் பாளம் பாளமாக வெடித்திருந்தது. கடைசியில் மெல்லிய உப்புத்தாளால் தேயுங்கள்.

இப்போது வரைவு. எகிப்திய ஓவியர் சிவப்புக் காவியில்தான் முதல் கோடு போடுவார். அதை நீர்க்கக் கரைத்து, இரண்டு கண்களையும் எதிரெதிராக, கண்ணாடிப் பிம்பம் போல வரையுங்கள். புருவம், கண், வெளிப்புறம் நீளும் மைக்கோடு. பிறகு கண்ணுக்குக் கீழே நேராக இறங்கும் ஒரு துளிக்கோடும், வெளிப்பக்கம் சாய்ந்து ஓடி நுனியில் சுருளும் இன்னொரு கோடும். இவை ராஜாளி முகத்தின் குறிகள். ராஜாளித் தலை கொண்ட ஹோரஸ் தெய்வத்தின் கண் இது.

நிறங்களைக் கருவேலம் பிசின் கரைத்த தண்ணீரில் குழையுங்கள். காவிச் சிவப்பு, மஞ்சள் காவி, கரி, வெள்ளை இருந்தால் போதும். நீலம் மட்டும் கடையில் வாங்க வேண்டும். மணல், சுண்ணாம்பு, செம்பு, கார உப்பு சேர்த்துச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டு எகிப்தியர்கள் அதைச் செய்தார்கள். மனிதன் செயற்கையாக உண்டாக்கிய மிகப் பழைய நிறங்களில் ஒன்று அது. எனக்கு இன்றும் அது வியப்புதான். பளீர் மஞ்சளுக்கு அவர்கள் அரிதாரம் என்ற கனிமத்தையும் பயன்படுத்தினார்கள். அது ஆர்சனிக் கலந்த நஞ்சு, தொடவே வேண்டாம்.

நிறத்தைத் தட்டையாக நிரப்புங்கள், நிழல் காட்ட வேண்டாம். கண்ணுக்கு வெள்ளை, புருவத்துக்கு நீலம், சுற்றிலும் நீலமும் மஞ்சளுமாக ஒரு கரை. எல்லாம் காய்ந்த பிறகு கருப்பு வெளிக்கோடு. மணிக்கட்டை ஒரு கட்டையின் மேல் ஊன்றிக்கொண்டு, கோட்டை நடுவில் நிறுத்தாமல் ஒரே இழுப்பில் முடியுங்கள். சிவப்பு வரைவிலிருந்து கொஞ்சம் விலகினாலும் பரவாயில்லை, பழைய பெட்டிகளிலும் அப்படி விலகல் உண்டு.

கருவிழியை நான் கடைசியில்தான் வைப்பேன். அதுவரை அது படம். வைத்ததும் எதிரே நிற்கும் நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடும். பிசின் தண்ணீரில் கரையும், அதனால் ஈரக்கை படாமல் ஒரு நாள் நிழலில் காயவிட்டு, கிழக்கு பார்த்த சுவரில் மாட்டுங்கள்.