சந்தை பற்றி எழுதுகிறவர்கள் விழும் குழிகள்

கிளிநொச்சியில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் பிள்ளைகள், தாராளவாதப் பொருளியலில், அதாவது விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்கிற பொருளியலில், இரண்டு புத்தகம் படித்தவுடன் கட்டுரை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். போன வாரம் ஆறு கட்டுரை வந்தது. ஆறிலும் பழைய என்னைக் கண்டேன். எழுத்துப்பிழை, பிழையான எண்ணிக்கை போன்றவற்றை யாரும் திருத்துவார்கள், விடுகிறேன்.

அறிவித்த விலையை விலை என்று நம்புவது

ஆறில் நாலு இதில்தான் விழுந்தது. நெல்லுக்கு அரசாங்கம் அறிவித்த உத்தரவாத விலை இருக்கும்போது வியாபாரி குறைத்து வாங்குவது கொள்ளையாம். நானும் அப்படி எழுதியவன்தான். எழுதியதோடு நின்றிருக்கலாம். உருத்திரபுரத்தில் வயல் செய்த மாமாவிடம் போய், "வயலுக்கு வாற யாவாரிக்குக் குடுக்காதேங்கோ மாமா, அரசாங்கக் கொள்வனவு நிலையம் திறக்கட்டும்" என்று மறித்துவிட்டேன்.

பெரும்போக அறுவடை. வெட்டு மெசினிலிருந்து இறங்கிய நெல்லில் ஈரம் போகவில்லை. நிலையத்தில் அப்போது ஈரப்பதன் நூற்றுக்கு 14ஐத் தாண்டினால் எடுக்கவில்லை. சரி என்று பரந்தன் பூநகரி வீதியோரம் படங்கு விரித்துக் காயப்போட்டோம். மூன்றாம் நாள் மாசி மழை. மூடினோம், விரித்தோம், திரும்ப மூடினோம். நெல் படங்குக்குள்ளேயே சூடேறி முளைவிட்டது. மெசின்காரருக்கு அன்றைக்கே காசு வேண்டும்; மாமி சங்கிலியை அடகு வைத்தார். கடைசியில் அதே வியாபாரிதான் வந்தார், முதலில் சொன்னதைவிடக் குறைத்து அள்ளிக்கொண்டு போனார்.

"தம்பி, உன்ர விலை பேப்பரில கிடக்கு, என்ர நெல் றோட்டில கிடக்கு" என்றார் மாமா.

வியாபாரி குறைத்த காசுக்குள் காயவைக்கும் கூலி, லொறிச் செலவு, மழைப் பயம், கையில் உடனே தரும் காசு எல்லாம் இருந்தன. நான் ஒன்றையும் எண்ணவில்லை. அந்தந்த இடத்தில், அந்தந்த நேரத்தில் நிற்பவருக்குத் தெரிவது திட்டம் போடுகிறவரின் மேசைக்கு வந்து சேராது என்று பொருளியலாளர் ஹயெக் 1945இல் எழுதியது எனக்கு அப்போதே மனப்பாடம். அதுதான் இன்றைக்கும் எரிச்சல்.

வியாபாரி நல்லவர் என்று சொல்ல வரவில்லை. அந்த ஊருக்கு வந்தது ஒரேயொரு லொறி. இரண்டாவது ஏன் வரவில்லை? ரோட்டா, களஞ்சியமா, முன்கடனுக்கு ஏற்கெனவே கட்டுப்பட்ட நெல்லா? கட்டுரையை அங்கே தொடங்குங்கள்.

தாராளவாதி என்றால் முதலாளி பக்கம்

இல்லை. ஒரே தொழில்காரர் கூடிப் பேசினால் அது விலையேற்றும் சதியில் போய் முடியும் என்று அடம் ஸ்மித் 1776இலேயே எழுதிவிட்டார். அரிசி இறக்குமதியைத் தடுத்துப் பெரிய ஆலைகளைக் காப்பாற்றுவதையும் தாராளவாதிகள்தான் எதிர்க்க வேண்டும்.

காணியை மறப்பது

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணியை நினைத்தபடி விற்க முடியாது. சொத்துரிமை பற்றி எழுத முதல், உங்கள் வீடு நிற்கும் காணிக்கு என்ன பத்திரம் இருக்கிறது என்று அம்மாவிடம் கேளுங்கள்.

உதாரணத்துக்கு ஐரோப்பா போவது

தொண்ணூறுகளில், யுத்த காலத்துப் பொருளாதாரத் தடையில், பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் இது. பற்றறி என்ன விலைக்குப் போனது என்று அப்பாவுக்குத் தெரியும், அவரிடம் கேளுங்கள்.

மேற்கோள்

கட்டுரைக்கு ஒன்று போதும். போன வாரம் ஒரு தங்கச்சி பதினொன்று வைத்திருந்தார்.