பேச்சாளர் வருகிறார் என்று செய்திமடலில் எழுதுவது எப்படி?

எங்கள் கிளை நூலக வாசகர் வட்டத்துக்கு மாதம் ஒரு செய்திமடல் உண்டு. ஏ4 தாளை இரண்டாக மடித்தால் வரும் நான்கு பக்கம்தான். ஆறு ஆண்டுகளாக நான் அதைத் தொகுத்து வருகிறேன். தொடங்கிய புதிதில், ஓய்வுபெற்ற கல்வெட்டு ஆய்வாளர் ஒருவர் இரண்டு பஸ் மாறி எங்கள் ஊருக்குப் பேச வந்தார். அறுபது நாற்காலி போட்டிருந்தோம். வந்தவர்கள் ஒன்பது பேர், அவர்களில் நான்கு பேர் வட்டத்தின் பொறுப்பாளர்கள். பெரியவர் முகம் சுளிக்காமல் ஒன்றரை மணி நேரம் பேசினார். அத்தனையும் பொன்னான செய்தி. கேட்கத்தான் ஆள் இல்லை.

அன்று இரவு மடலை எடுத்துப் பார்த்தேன். அவருடைய பட்டங்கள் மூன்று வரி. தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள் நான்கு வரி. அவர் பேசப்போகும் பொருளுக்கு ஒரே ஒரு சொல்: கல்வெட்டுகள். ஊர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டு வீட்டிலேயே இருந்ததில் என்ன வியப்பு? அதன்பின் நாங்கள் கற்றுக்கொண்ட முறையை, புதிதாக மடல் தொடங்கும் அமைப்புகளுக்காக எழுதுகிறேன்.

முதல் படி: பேச்சாளரோடு பதினைந்து நிமிடம் பேசுங்கள்

தன்விவரக் குறிப்பை அனுப்பச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். தொலைபேசியில் அழைத்து, "ஐயா, எதைச் சொல்லும்போது கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலில்தான் உங்கள் செய்தி இருக்கிறது. கூடவே முன்னெழுத்து, பெயரின் எழுத்துக்கூட்டல், முனைவர் என்று போட வேண்டுமா என்பது எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மேடைக்கு வருபவரின் முன்னெழுத்தைத் தவறாக அச்சிடுவது வாசலில் நிற்கவைத்து அவமதிப்பது போன்றது. நிழற்படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அதன் தரம் குறைந்துவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: நாள்

பஞ்சாங்கத்தைப் பாருங்கள். முகூர்த்த நாளில் ஊரே கல்யாண மண்டபத்தில் இருக்கும். பள்ளித் தேர்வு வாரங்களைத் தவிருங்கள். வேலைநாள் பகலில் கூட்டம் என்றால் மின்வாரியத்தின் மாதாந்தரப் பராமரிப்பு நாளையும் விசாரித்துக்கொள்ளுங்கள். கூட்டம் மூன்றாவது ஞாயிறு என்றால் மடல் 1ஆம் தேதி வாசகர் கையில் இருக்க வேண்டும், செய்தி முந்தைய மாதம் 20ஆம் தேதிக்குள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: எழுதுவது

இங்கேதான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும். அந்தப் பழைய அறிவிப்பில் நான் எழுதியது இது:

"கல்வெட்டியல் அறிஞர் அவர்கள் 'கல்வெட்டுகள்' என்னும் தலைப்பில் சிறப்புரையாற்ற இசைந்துள்ளார்கள். அனைவரும் வருக, ஆதரவு தருக."

இரண்டு ஆண்டுகள் கழித்து அவரையே மீண்டும் அழைத்தோம். இந்த முறை தொலைபேசியில் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுதியது இது:

"ஊர்க் கணக்கைக் காட்டாதவர் ஊர்ச்சபைக்கு வர முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. இப்படி ஒரு விதி, 1,100 ஆண்டுகளுக்கு முன் நம் பக்கத்து உத்திரமேரூரில் இருந்தது. முப்பது குடும்புகள், அதாவது ஊரின் வார்டுகள். தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இல் வெட்டிய கல்வெட்டு வயது வரம்பை 30 முதல் 60 என்கிறது. 921இல் வெட்டியது 35 முதல் 70 என்கிறது. இரண்டே ஆண்டில் விதியை ஏன் மாற்றினார்கள்? நாற்பது ஆண்டுகள் கல்வெட்டுகளோடு வாழ்ந்தவர் சொல்கிறார், வந்து கேளுங்கள்."

பட்டங்கள் எங்கே போயின? கடைசி வாக்கியத்தில் ஒரு தொடராக அடங்கிவிட்டன. அவர் வாழ்நாள் முழுவதும் தேடிய பொருளை முன்னே வைப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை என்பது என் உறுதியான எண்ணம். ஒன்றைக் கவனியுங்கள்: கேள்வியை எழுப்பியிருக்கிறோம், பதிலை எழுதவில்லை. அது பேச்சாளருக்கு உரியது. அவர் கூட்டத்தில் சொல்லப்போவதை எல்லாம் மடலிலேயே கொட்டிவிட்டால் வருபவர்களுக்கு என்ன மிச்சம்?

தலைப்பும் அப்படியே. 'சிறப்புரை' என்று கொட்டை எழுத்தில் போடாதீர்கள். 'குடத்தில் கைவிட்ட சிறுவன்' என்று போட்டோம். பக்கத்தில் கோயில் சுவரின் படம். கல்வெட்டைப் படம் எடுப்பதாக இருந்தால் வெயில் சாய்வாக விழும் வேளையில் எடுங்கள். உச்சி வெயிலில் எழுத்துகள் மழுங்கித் தெரியும்.

நான்காம் படி: கட்டம் கட்டிய விவரம்

நாள், கிழமை, நேரம், இடம், கட்டணம் இல்லை என்ற குறிப்பு, ஒரு தொலைபேசி எண். இவற்றை எல்லோரும் போடுகிறார்கள். எத்தனை மணிக்கு முடியும் என்பதையும், அதற்குப் பின் எந்த பஸ் இருக்கிறது என்பதையும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் பெண்கள் முதலில் பார்ப்பது இந்த இரண்டைத்தான். 'மாலை 6.30க்கு முடியும், 6.50க்கு பஸ் உண்டு' என்ற வரியைச் சேர்த்த பிறகுதான் எங்கள் கூட்டங்களுக்குப் பெண்கள் கூடுதலாக வரத் தொடங்கினார்கள்.

ஐந்தாம் படி: அச்சகம்

டி.டி.பி. செய்பவரிடம் யூனிகோட் எழுத்துருவில் கோப்பைக் கொடுங்கள். அவருடைய மென்பொருள் பழைய எழுத்துருவைக் கேட்டால் அவர் மாற்றிக்கொள்வார். அப்படி மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிப்போவது உண்டு, அதனால் புரூஃபை வரிவரியாகப் பாருங்கள். எண்களை இன்னொருவர் உரக்கப் படிக்க, நீங்கள் சரிபாருங்கள். பேச்சாளர் பற்றிய பகுதியை அவருக்கு ஒருமுறை அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். முதல் பக்கத்தின் மூலையில் 'தனிச்சுற்றுக்கு மட்டும்' என்று போட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: கையில் சேர்ப்பது

நூலக மேசையில் அடுக்கிவைத்தால் நூலகத்துக்கு வருகிறவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும். காலையில் பேப்பர் போடும் தம்பியிடம் கொடுத்தால் வீடுவீடாகப் போய்விடும். டீக்கடை, முடிதிருத்தும் கடை, பஸ் நிறுத்தம் எல்லா இடத்திலும் வையுங்கள். பேச்சின் பொருளோடு தொடர்புள்ளவர்களை நேரில் பாருங்கள். குடவோலை என்றால் அரசுப் பள்ளி வரலாற்று ஆசிரியரும் ஊராட்சி உறுப்பினர்களும்.

வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். ஒளிபரப்புப் பட்டியலில் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) 256 பேர் வரைதான் சேர்க்க முடியும். உங்கள் எண்ணைத் தங்கள் செல்பேசியில் பதிந்துவைத்திருப்பவர்களுக்குத்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் மடலின் கடைசிப் பக்கத்தில் அந்த எண்ணைக் கொடுத்து, பதிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

கூட்டம் முடிந்ததும் அடுத்த இதழில் கால் பக்கம் ஒதுக்குங்கள். மேடையில் இருந்தவர்களின் பட்டியல் வேண்டாம், கேட்டவர்களில் ஒருவர் எழுப்பிய கேள்வியையும் அதற்கு வந்த பதிலையும் போடுங்கள். அந்தப் பெரியவர் இரண்டாவது முறை பேசிய கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "குடத்தில் பெண்கள் பெயர் இருந்ததா?" என்று கேட்டாள். கூட்டம் ஒரு கணம் பேச்சற்றுப் போனது. அதைத்தான் தலைப்பாக வைத்தோம்.

அந்த இதழில் இரண்டு பிரதிகளைப் பெரியவருக்குத் தபாலில் அனுப்பினேன். ஒரு வாரத்தில் அழைத்தார். தன்னிடம் பழைய மைப்படிகள் (கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையால் எடுத்த படிகள்) சில இருப்பதாகவும், அடுத்த முறை அவற்றைக் கொண்டுவந்து அந்தப் பெண்ணிடம் காட்ட வேண்டும் என்றும் சொன்னார். தேதி குறித்தாகிவிட்டது.