காலைத் தும்மலின் காரணம் கையில் தெரிந்தது

எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கில் ஓயாத நீர். செட்ரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை போட்டால் அடங்கும், நிறுத்தினால் திரும்பிவிடும். காரணம் தெரிய வேண்டுமென்று தோல் பரிசோதனைக்குப் போனேன். ஒரு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொன்னார் மருத்துவர். அது உடம்பில் இருந்தால் ஒவ்வாமை இருந்தாலும் தோல் தடிக்காது.

முன்கையில் பேனாவால் எண் குறித்து, எண்ணுக்கு ஒரு சொட்டு வைத்தார்கள்: மகரந்தம், பூஞ்சை, கரப்பான், தூசுப்பூச்சி (படுக்கைத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்). சொட்டின் மேல் ஊசிமுனையால் லேசான குத்து, ரத்தம்கூட வரவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஹிஸ்டமின் (ஒவ்வாமையின்போது உடம்பே வெளியிடும், அரிப்பு தரும் பொருள்) ஒன்று, உப்புநீர் ஒன்று. முன்னது தடிக்க வேண்டும், பின்னது தடிக்கக் கூடாது. அப்போதுதான் மற்றவற்றை நம்பலாம். 15 நிமிடத்தில் தூசுப்பூச்சி வைத்த இடம் கொசுக்கடிபோல் வெளுத்து வீங்கி, சுற்றிலும் சிவந்து அரித்தது. உப்புநீர் இடத்தைவிட 3 மி.மீ. பெரிதாக இருந்தாலே கணக்கில் எடுப்பார்கள். கரப்பானும் சற்றுத் தடித்தது. ஆனால் தடிப்பு மட்டும் போதாது, தொந்தரவோடும் பொருந்த வேண்டும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார்; அந்த நிதானம்தான் எனக்கு நம்பிக்கை தந்தது.

பழைய இலவம்பஞ்சுத் தலையணையை அகற்றினேன். மெத்தைக்கு நெருக்கமான இழையில் நெய்த உறை போட்டேன். விரிப்புகளை வாரந்தோறும் 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறேன். தும்மல் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆஸ்துமா இருப்பவர்கள் பரிசோதனைக்கு முன்பே மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.