பீரியட்ஸ் வலிக்கு மெக்னீசியம், கால்சியம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உணவு ஆலோசனைக்கு வரும் பெண்கள் பலர் இப்போது பீரியட்ஸ் வலிக்கென்று கையில் சத்து மாத்திரை டப்பாவோடுதான் வருகிறார்கள். புதிதாக ஆரம்பிப்பவர்கள் எல்லோரும் அதே நாலைந்து இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். உப்பைக் குறை, தண்ணீர் குடி என்பதெல்லாம் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன்.

வலி வந்த அன்று தொடங்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. சோழிங்கநல்லூரில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு பெண் மெக்னீசியம், துத்தநாகம், மல்டிவைட்டமின் என்று மேசையில் வரிசையாக அடுக்கினார். எல்லாமே ஆன்லைனில் வாங்கிய விலை கூடிய சரக்கு. எல்லாவற்றையும் பீரியட்ஸ் முதல் நாள் ஆரம்பித்து, வலி நின்றதும் மூடி வைத்திருக்கிறார். "எதுவுமே எனக்கு ஒத்துக்கலை மேடம், அடுத்து எது வாங்கட்டும்?"

கருப்பை உட்சுவரில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின்தான் தசையைச் சுருக்கிப் பிடித்திழுக்கிறது. மெஃபனமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் அந்தச் சுரப்பையே குறைக்கும். கால்சியம் போன்ற சத்து மாத்திரைகள் அப்படி அன்றன்றைக்கு வேலை செய்யாது. 1998-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், தினமும் 1200 மி.கி. கால்சியம் எடுத்தவர்களுக்கு மூன்றாவது சுழற்சியில் பீரியட்ஸுக்கு முந்தைய தொல்லைகள் 48% குறைந்தன. மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் 30% குறைந்தது! தோழிக்கு ஒரே மாதத்தில் கேட்டது என்று நம்பி வாங்கக் கூடாது என்பது இதனால்தான்.

அந்தப் பெண்ணிடம் டப்பாக்களை ஓரம் வைக்கச் சொன்னேன். முதலில் சாப்பாட்டுக் கணக்கு: 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. கால்சியம், அரை லிட்டர் பாலில் சுமார் 600. ஒரு நாள் தேவையில் குறைந்ததற்கு மட்டும் 500 மி.கி. கால்சியம் மாத்திரை, சாப்பாட்டோடு, தினமும். கூடவே எந்த நாளில் என்ன தொல்லை என்று ஒரு நோட்டில் குறிக்கச் சொன்னேன். மூன்றாம் மாதம் எரிச்சலும் உடல் வீக்கமும் குறைந்திருந்தன. வயிற்றுப்பிடிப்பு பெரிதாக மாறவில்லை. அதற்கு டாக்டர் எழுதிய வலி மாத்திரைதான், சாப்பிட்ட பிறகு.

காபியோடு இரும்புச்சத்து மாத்திரை

காலையில் ஃபில்டர் காபி, கையோடு இரும்புச்சத்தும் கால்சியமும். காபியும் கால்சியமும் சேர்ந்து இரும்பு உடம்பில் சேராமல் தடுக்கும். இரும்பை எலுமிச்சைச் சாற்றோடு தனியாகவும், கால்சியத்தை ராத்திரிச் சாப்பாட்டோடும் எடுங்கள். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் இரண்டுக்குமே நாலு மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

மெக்னீசியத்தை இஷ்டத்துக்குக் கூட்டுவது

பேதியாகும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

வைட்டமின் பி6

அதிக அளவில் மாதக்கணக்கில் எடுத்தால் நரம்பு கெட்டு, கை கால் மரத்துப்போகும்.

எல்லா வலிக்கும் சத்துக் குறைவைக் காரணம் சொல்வது

லீவு போட வைக்கும் வலி, மாத்திரைக்கும் அடங்காத வலி, வருடத்துக்கு வருடம் கூடும் வலி, நாப்கின் மணிக்கொரு முறை நனையும் அளவுக்கு உதிரப்போக்கு: இவற்றுக்கு உணவில் பதில் இல்லை. எண்டோமெட்ரியோசிஸாகவோ (கருப்பை உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) கருப்பைக் கட்டியாகவோ இருக்கலாம். "எல்லாருக்கும் வர்றதுதானே" என்று வீட்டில் சொன்னாலும் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தனியார் செலவு தாங்காது என்றால் சென்னையில் எழும்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் பெண்களுக்கான அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். டாக்டர் முதலில் கேட்பது தேதிகளைத்தான்.