அசமன்பாடுகளைத் தீர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒருபடி அசமன்பாட்டைத் (இரு பக்கங்களில் எது பெரியது, எது சிறியது என்று குறியால் காட்டும் கூற்றை) தீர்க்கும் படிகள் சமன்பாட்டின் படிகளைப் போலவே இருப்பதால், இரண்டுக்கும் இடையிலுள்ள முக்கிய வேறுபாட்டை மாணவர்கள் காரணம் அறியாமல் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். இருபுறமும் ஒரு குறை எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ அசமன்பாட்டுக் குறி திரும்ப வேண்டும் என்பதே அது. 2 < 5 என்பதை −1ஆல் பெருக்கிப் பாருங்கள். எண்கோட்டில் இரு எண்களும் பூச்சியத்தின் மறுபக்கத்துக்குச் சென்றுவிடுவதால், வலப்புறம் இருந்த 5 இப்போது −5 ஆகி, −2க்கும் இடப்புறம் நிற்கிறது. ஆகவே −2 > −5.

தெரியாத எண்ணை ‘அ’ என்று கொள்வோம். −3அ > 12 என்பதன் தீர்வு அ < −4. இங்கே குறியைத் திருப்ப மறப்பது எல்லோரும் அறிந்த பிழை. அதைவிட நுட்பமானது, 3அ > −12 என்பதிலும் குறியைத் திருப்பிவிடுவது. இதில் வகுக்கும் எண் 3, அது மிகை எண். எனவே அ > −4 என்பதே சரி. வலப்புறத்தில் குறை எண் இருப்பதோ, இருபுறமும் ஓர் எண்ணைக் கழிப்பதோ குறியைப் பாதிக்காது.

குறை எண்ணால் வகுப்பதைத் தவிர்க்க, 7 − 3அ > 19 என்பதை −12 > 3அ என மாற்றி, −4 > அ என்று முடிப்பது நல்ல வழி. ஆனால் அதைத் திருப்பி எழுதும்போது அ > −4 என்று பலர் எழுதிவிடுகிறார்கள். குறியின் அகன்ற வாய் எப்போதும் −4 பக்கமே இருக்க வேண்டும்: அ < −4.

இரட்டை அசமன்பாட்டில் இரு குறிகளும் சேர்ந்தே திரும்ப வேண்டும். −1 ≤ 3 − 2அ < 7 என்பதில் 3ஐக் கழித்து −2ஆல் வகுத்தால், 2 ≥ அ > −2, அதாவது −2 < அ ≤ 2 கிடைக்கும். எண்கோட்டில், தீர்வில் சேராத −2க்கு வெற்று வட்டமும் தீர்வில் சேரும் 2க்கு நிரப்பிய வட்டமும் இட வேண்டும்.

2(அ + 3) > 2அ + 1 போன்றவற்றில் ‘அ’ நீங்கி 6 > 1 என்று மிஞ்சினால் அதைப் பிழையென எண்ணி அடித்துவிட வேண்டாம்; எல்லா மெய்யெண்களும் தீர்வு என்பதே அதன் பொருள். கிடைப்பது 6 < 1 என்றால் தீர்வே இல்லை.

விடையைச் சரிபார்க்க எல்லை எண்ணை மட்டும் இடுவது போதாது, ஏனெனில் −3அ > 12 என்பதில் −4ஐ இட்டால் இருபுறமும் 12 ஆகுமே தவிர, தீர்வு எந்தப் பக்கம் என்பது தெரியாது. −5ஐ இடுங்கள்: 15 > 12, உண்மை. 0ஐ இடுங்கள்: 0 > 12, பொய்.